செப்பனிட்டு விற்ற வீடும் பின்னால் எழும் புகாரும்

மாசியிலும் பங்குனியிலும் செப்பனிட்டு, புது வர்ணம் பூசி, நல்ல விலைக்குக் கிரயம் செய்து கொடுத்த வீடு உண்மையில் எப்படிப்பட்டது என்பதை, மும்பையில் ஆனியும் ஆடியுந்தான் சொல்லும். ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை நகரத்தின்மேல் இறங்கி, செப்டம்பர் முடியும்வரை மேற்குச் சுவர்களையும் தெற்குச் சுவர்களையும் ஓயாமல் நனைத்துக்கொண்டிருக்கும் காலத்தில், வாங்கியவர் வீட்டின் ஒரு மூலையில் முதலில் ஓதம் தெரிகிறது. பிறகு அங்கே உப்புப் பூத்து வர்ணம் பொரிகிறது. அதன் பிறகு விற்றவருக்குத் தொலைபேசி வருகிறது. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, மாட்டுங்காவிலோ செம்பூரிலோ முப்பது நாற்பது வருஷம் குடியிருந்த ஃபிளாட்டை விற்றுவிட்டு, சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்த நம்மவர்களுக்கு இந்தத் தொலைபேசி பெரிய மனக்கலக்கத்தை உண்டாக்குவதைப் பார்க்கிறோம். அது வந்த பின் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யலாகாது என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

செப்பனிடாத பழைய வீட்டை உள்ளது உள்ளபடி விற்கிறவருக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. விரிந்த சுவரையும், கறுத்த கூரையையும், துருவேறிய குழாயையும் வாங்குகிறவர் தம் கண்ணாலேயே பார்த்து, மேஸ்திரி ஒருவரை அழைத்து வந்து மதிப்பிட்டு, ஆகும் செலவைக் கழித்துக்கொண்டே விலை பேசுகிறார். செப்பனிட்டு விற்கிறவரோ அந்தப் பார்வையையே வாங்குகிறவரிடமிருந்து எடுத்துவிடுகிறார். அவர் மனத்தில் வஞ்சகம் லவலேசமும் இல்லாதிருக்கலாம்; வீடு லட்சணமாக இருக்க வேண்டும் என்ற ஆசை ஒன்றே இருந்திருக்கலாம்; ஆயினும் விரிசலின் மேல் புட்டி பூசிய கையும், சிலாப்பில் கம்பி தெரிந்த இடத்துக்குக் கீழே பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) பொய்க்கூரை கட்டிய கையும், குளியலறையில் பழைய டைல்ஸைப் பெயர்க்காமல் அதன் மேலேயே புது டைல்ஸ் ஒட்டிய கையும் அவர் கூலி கொடுத்து அமர்த்திய கைகளே. ஆகையால் செப்பனிட்டு விற்றவருக்கு, சும்மா விற்றவரைக் காட்டிலும் பொறுப்பு அதிகம் என்பது என் திடமான அபிப்பிராயம். இனிச் சொல்லப்போகும் யோசனைகள் யாவும் அந்த அபிப்பிராயத்திலிருந்து பிறந்தவை.

சட்டமும் இதே திசையைத்தான் காட்டுகிறது. விற்கிறவருக்குத் தெரிந்ததும், வாங்குகிறவருக்குத் தெரியாததும், சாதாரண ஜாக்கிரதையோடு பார்த்தாலும் அவரால் கண்டுபிடிக்க முடியாததுமான முக்கியக் குறை ஒன்று சொத்திலோ அதன் உரிமை மூலத்திலோ இருந்தால், மாறான ஒப்பந்தம் இல்லாத வரையில், விற்கிறவர் அதைச் சொல்லியே தீர வேண்டும் என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55-ஆம் பிரிவில் விதிக்கிறது. சொல்லாமல் விடுவது மோசடியாகும் என்றும் அந்தப் பிரிவே கூறுகிறது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 17-ஆம் பிரிவில், ஓர் உண்மையை அறிந்திருந்தும் முனைந்து மறைப்பதை மோசடியின் வகைகளுள் ஒன்றாக வைக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கிறவருக்கு, வீடு குறையற்றதாக இருக்க வேண்டும் என்று சட்டம் யாரையும் கேட்கவில்லை என்பதும், அறிந்த குறையை மறைக்கலாகாது என்று மட்டுமே கேட்கிறது என்பதும் விளங்கும். எனவே புகார் வரும்போது, குறை இருக்கிறதா என்ற கேள்வி சீக்கிரம் தீர்ந்துபோகிறது. விற்ற நாளில் அது உங்களுக்குத் தெரியுமா, வாங்கியவர் அதைக் கண்டிருக்க முடியுமா என்ற இரண்டு கேள்விகளே கடைசிவரை நிற்கின்றன. கிரயப் பத்திரத்தில் "உள்ளது உள்ளபடி பார்த்து வாங்கிக்கொண்டேன்" என்று ஒரு வாசகம் இருக்கிறதே என்று பலர் ஆறுதல் கொள்கிறார்கள். பார்க்க முடிந்ததைப் பற்றித்தான் அந்த வாசகம் உதவும். பார்க்க முடியாதபடி மூடிவைத்ததற்கு அதைக் கவசமாக நம்புவது அபாயம்.

இங்கிலாந்தில் இந்த விஷயத்தில் சட்டம் விற்பவரிடம் இன்னும் தாராளமானது. வாங்குகிறவரே விழிப்பாயிருக்க வேண்டும் என்பதே அங்கே மூல விதி. அந்த நாட்டிலேயே, ஒரு வீட்டின் பகுதியை நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுக்கும் முன், மரத்தை அரிக்கும் பூஞ்சணம் பிடித்த இடங்களைக் கண்ணுக்குத் தெரியாதபடி மூடிவைத்த வேலையை, வாய் திறந்து பொய் சொன்னதற்குச் சமமாக நீதிமன்றம் கருதியது. கார்டன் – செலிகோ வழக்கு என்று வழங்கும் அதன் முடிவு 1986-இல் மேல்முறையீட்டிலும் நிலைத்தது. இதைவிடப் பழைய வழக்கு ஒன்றை, சிசரோ கடமைகளைப் பற்றி எழுதிய நூலின் மூன்றாம் பாகத்தில் எடுத்துரைக்கிறார். ரோமாபுரியில் கிளாடியஸ் செண்டுமாலஸ் என்பவனுடைய வீடு, பறவைச் சகுனம் பார்க்கும் புரோகிதர்களின் பார்வையைத் தடுக்கும் உயரத்துக்கு எழும்பியிருந்தபடியால், அந்தப் பகுதியை இடிக்கும்படி அவனுக்கு உத்தரவு பிறந்தது. அவன் உத்தரவைப் பற்றி மூச்சுக் காட்டாமல் வீட்டை விற்றுவிட்டான். வாங்கியவன் இடிக்க நேர்ந்தது. வழக்கைத் தீர்த்த மார்க்கஸ் காட்டோ, அறிந்திருந்தும் சொல்லாமல் விற்றவனே நஷ்டத்தை ஈடுசெய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தார். அனுமதியில்லாமல் பால்கனியை அறையோடு சேர்த்து அடைத்துவிட்டு, மும்பை மாநகராட்சிச் சட்டத்தின் 351-ஆம் பிரிவின் கீழ் வந்த நோட்டீஸை அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டு ஃபிளாட்டை விற்கிறவரின் நிலை, அந்த ரோமானியனின் நிலைக்கு எவ்விதத்திலும் வேறானதன்று.

முதல் தொலைபேசி

மாட்டுங்காவில் மூன்றாம் மாடி ஃபிளாட் ஒன்றை விற்றவருக்கு ஜூலை மாதத்தில் இப்படி ஒரு பேச்சு வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

"மாமா, பெட்ரூம் சுவர் ஊறிண்டே இருக்கு. கையை வெச்சா பெயிண்ட் பொலபொலன்னு உதிர்றது. நீங்க போன வருஷந்தானே எல்லாம் புதுசாப் பண்ணினேள்?"

இதற்குச் சொல்லத்தக்க பதில் ஒன்றுதான்: "நாளைக்குச் சாயங்காலம் நானே வந்து பார்க்கறேம்மா. அதுவரைக்கும் எதையும் கொத்த வேண்டாம். ஈரம் எங்கே எங்கே இருக்கோ அதெல்லாம் போட்டோ எடுத்து, தேதி போட்டு வெச்சுக்கோ."

இந்தப் பதிலில் மறுப்பும் இல்லை, ஒப்புதலும் இல்லை. பார்க்க வருகிறேன் என்ற வாக்கு ஒன்றே இருக்கிறது. பார்க்காமலே "நான் இருந்தவரைக்கும் ஒரு சொட்டு ஈரம் கிடையாது" என்று சொல்லிவிடுகிறவர், பின்னால் பழைய மேஸ்திரியின் பில்லில் அதே சுவருக்கு வாட்டர்புரூஃபிங் செய்த கணக்கு வெளிப்படும்போது, அந்த ஒரு வாக்கியத்தினாலேயே பொய்யராகி நிற்கிறார். மறதியினால் சொன்னது என்று அப்போது யாரும் நம்புவதில்லை. பதற்றத்தில் "ஆகட்டும், எல்லாச் செலவும் என்னுடையது" என்று ஏற்றுக்கொள்கிறவரோ, மேல்வீட்டுக்காரர் செய்ய வேண்டிய வேலையையும், சொஸைட்டி செய்ய வேண்டிய வேலையையும் தம் தலையில் சுமந்துகொள்கிறார். இரண்டையும் விடக் கெடுதலானது, பதிலே சொல்லாமல் தட்டிக்கழிப்பது. மூன்று முறை அழைத்தும் எடுக்கப்படாத தொலைபேசிதான் பெரும்பாலான வக்கீல் நோட்டீஸ்களுக்குத் தாய். சொஸைட்டியின் வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம். பத்துப் பேர் படிக்கும் இடத்தில் எழுதியதிலிருந்து பின்வாங்குவது, இருவர்க்குமே கௌரவப் பிரச்னையாகிவிடுகிறது.

வெளியூரில் இருக்கிறவர், உறவினர் ஒருவரையோ நம்பிக்கையான நண்பர் ஒருவரையோ அனுப்பலாம். ஆனால் செப்பனிட்ட கான்ட்ராக்டரை மட்டும் தனியே அனுப்பலாகாது. தன் வேலையைத் தானே பரீட்சிக்கும் மனிதருக்கு, எங்கே பார்த்தாலும் குற்றம் பிறர் மேலேயே தோன்றும்.

பார்க்கப் போகும்போது

நீர்க்கசிவின் மூலத்தைக் கண்டுபிடிப்பதில்தான் பாதிப் புகார்கள் தீர்கின்றன என்பதால், இந்தப் பகுதியைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஈரம் மழையோடு வருகிறதா, குளியலோடு வருகிறதா என்பதே முதற்கேள்வி. மழை ஓய்ந்த நான்கைந்து நாளில் கறை காயத் தொடங்கினால் வெளிச்சுவர், ஜன்னலுக்கு மேல் நீளும் சஜ்ஜா, மேல்தளம் இவற்றில் ஒன்றைச் சந்தேகிக்க வேண்டும். தை மாதத்திலும் அதே ஈரம் அதே அளவில் நிற்குமானால் குழாயோ குளியலறையோதான் காரணம். குளியலறையைச் சந்தேகித்தால், நம் பிளம்பர்கள் நஹானி டிராப் என்று சொல்லும் நீர்ப்போக்குக் குழியைத் துணியால் இறுக அடைத்து, தரையில் இரண்டங்குல உயரத்துக்கு வர்ணம் கலந்த தண்ணீரைத் தேக்கி, நீர்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து, ஒரு முழு நாளாவது விட்டுவைக்க வேண்டும். மட்டம் இறங்கி, கீழ்வீட்டுக் கூரையிலோ பக்கத்து அறைச் சுவரிலோ அந்த வர்ணம் தலைகாட்டினால் பிறகு விவாதத்துக்கு இடமில்லை. மட்டம் இறங்காமலே சுவர் நனைந்தால், சுவருக்குள் போகும் குழாய்களைப் பார்க்க வேண்டும்; புதிய சிபிவிசி குழாயைப் பழைய இரும்புக் குழாயோடு இணைத்த இடத்தில் கசிவது மிகச் சாதாரணம். பிளம்பர் அழுத்தப் பம்பு வைத்து அதை ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடுவார்.

செப்பனிடும்போது பழைய டைல்ஸைப் பெயர்த்த வேகத்தில் அடியிலிருந்த செங்கல் கோபா என்னும் நீர்த்தடுப்பு அடுக்கு உடைந்திருப்பதும், உடைந்ததை முழுதும் எடுத்துப் புதிதாகப் போடாமல் சிமென்டைப் பூசி மூடியிருப்பதும் இந்த நகரத்தில் அடிக்கடி காணும் காட்சி. வாட்டர்புரூஃபிங் என்பது டைல்ஸுக்கு அடியில் இருப்பது. டைல்ஸின் இடைவெளியில் விலையுயர்ந்த எபாக்ஸியை நிரப்பினாலும், அடித்தளம் போயிருந்தால் ஒரு மழைக்காலத்துக்கு மேல் அது தாங்காது.

கூரையில் கறை இருந்தால், பிஓபியில் ஓரடிச் சதுரத்துக்கு ஒரு திறப்பு வெட்டச் சொல்லி, டார்ச் விளக்கோடு சிலாப்பை நேரில் பாருங்கள். கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் வருஷங்கள் செல்லச் செல்லக் காற்றிலுள்ள கரியமில வாயுவினால் தன் காரத்தன்மையை இழக்கிறது; இழந்த பின் கம்பி துருப்பிடிக்கிறது; துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு, மேலுள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. கடற்காற்றின் உப்பு இதைத் துரிதப்படுத்துகிறது. சுத்தியலால் மெல்லத் தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும் இடத்தில் கான்கிரீட் கம்பியை விட்டு விலகிவிட்டது என்று அர்த்தம். ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் ஒருவர் புதிதாக உடைத்த பரப்பில் ஃபினால்ஃப்தலின் திரவத்தைத் தெளித்தால், நல்ல கான்கிரீட் இளஞ்சிவப்பாக மாறும். கெட்டது நிறம் மாறாமல் அப்படியே இருக்கும். வாங்கியவர் தம் கண்ணெதிரே இந்தப் பரீட்சையைக் காண்பது, உங்கள் பேச்சைவிட அதிகமான நம்பிக்கையை அவருக்கு உண்டாக்கும்.

மின்சாரத்தைப் பற்றிய புகார்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்விட்சுகளை மட்டும் புதிதாக்கிவிட்டுச் சுவருக்குள் பழைய அலுமினியக் கம்பியையே விட்டிருந்தால், ஏசி போட்டவுடன் அது சூடேறும். இதில் பேரம் பேச இடமில்லை; தீ சம்பந்தப்பட்டது. பெற்றுள்ள மின்சுமை போதுமா என்பதை மாட்டுங்காவில் பெஸ்ட் நிறுவனத்திடமும், செம்பூரில் அதானி அல்லது டாட்டா நிறுவனத்திடமும் விசாரிக்க வேண்டும். மர வேலையில், மரைன் பிளை என்று சொல்லி விற்றிருந்தால் பலகையில் ஐஎஸ் 710 என்ற முத்திரை இருக்க வேண்டும். இல்லாமல் சமையலறை அலமாரி ஊதிப்போயிருந்தால், ஏமாந்தவர் நீங்களும்தான் என்று சொல்லி, பில்லைக் காட்டி, கான்ட்ராக்டரிடம் சேர்ந்தே போங்கள்.

யார் பொறுப்பு

மூலம் தெரிந்த பின் பொறுப்பைப் பிரிக்க வேண்டும். மகாராஷ்டிரக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் மாதிரி உபவிதிகளின்படி, வெளிச்சுவர் வழியாகவும் மழைநீராலும் பொதுக்குழாய்களாலும் வரும் கசிவும், மேல்தளத்துக் கசிவும் சங்கத்தின் செலவு. குளியலறை, கழிவறை, தொட்டி முதலியவற்றால் உள்ளே உண்டாகும் கசிவு அந்த வீட்டுக்காரரின் செலவு. ஆகவே மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து ஒழுகினால் மேல்வீட்டுக்காரரும், மொட்டை மாடியிலிருந்து இறங்கினால் சங்கமும் செய்ய வேண்டும். "அது சொஸைட்டி வேலை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாமல், புதிதாகக் குடிவந்து செக்ரட்டரியின் முகம்கூட நன்றாகப் பழகாத அந்தக் குடும்பத்துக்காக, பல வருஷம் அங்கே அங்கத்தினராயிருந்த நீங்களே கமிட்டியிடம் போய்ப் பேசி, கடிதத்தையும் எழுதிக் கொடுப்பது பெருந்தன்மையும் விவேகமும் சேர்ந்த காரியம்.

மாட்டுங்காவில் 1969-க்கு முற்பட்ட, பழுதுபார்ப்புக்கான செஸ் வரி செலுத்தும் கட்டடங்கள் பல. அங்கே சட்டகத்தைப் பழுதுபார்க்கும் பொறுப்பு மஹாடா என்னும் மாநில வீட்டுவசதி அமைப்பின் கீழுள்ள ரிப்பேர் போர்டு வரையில் போகும். செம்பூர் பழைய நகர எல்லைக்கு வெளியே இருப்பதால் அந்த ஏற்பாடு அங்கே கிடையாது.

மறுநிர்மாணம் செய்து எழுந்த புதுக் கட்டடத்தில் ஃபிளாட் வாங்கி, அலங்கரித்து, இரண்டு மூன்று வருஷத்தில் விற்றவர்கள் ஒரு முக்கியமான விஷயத்தை அறிய வேண்டும். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி, சாவி கொடுத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் சட்டகத்திலோ வேலைத்திறத்திலோ குறை தெரிவிக்கப்பட்டால், பில்டர் முப்பது நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். அந்தச் சட்டத்தில் ஒதுக்கீடு பெற்றவர் என்ற சொல், விலைக்கு வாங்கிப் பின்னால் வந்தவரையும் உட்கொண்டது. எனவே உங்களிடம் வாங்கியவர் பில்டரையே நேராகக் கேட்கலாம். வேண்டுமானால் அந்தச் சட்டத்தின் கீழ் மாநிலத்தில் அமைந்த மகாரெரா ஆணையத்திலும் முறையிடலாம். பில்டர் உங்களுக்குச் சாவி கொடுத்த தேதியைக் காட்டும் பத்திரத்தை உடனே தேடிக் கொடுங்கள். ஆனால் நீங்கள் செப்பனிட்டபோது குளியலறையை உடைத்துப் போட்டிருந்தால், அந்தக் குளியலறைக் கசிவுக்குப் பில்டர் பொறுப்பேற்க மறுப்பார். அந்த மறுப்பில் நியாயமும் உண்டு. தம் ஒரு ஃபிளாட்டை மட்டும் செப்பனிட்டு விற்கும் தனிமனிதரைப் பொதுவாக இந்தச் சட்டம் பில்டராகக் கருதுவதில்லை. அவர் மேலுள்ள வழக்கு சிவில் கோர்ட்டைச் சேர்ந்தது.

இவையெல்லாம் போக, உங்களுடையதாகவே நிற்கும் குறைகளை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். முதல் வகை, நீங்கள் அறிந்து, வாங்கியவரிடம் சொன்னவை. அவற்றுக்கு அவர் விலையில் இடம் கொடுத்தாகிவிட்டது. இரண்டாம் வகை, நீங்களும் அறியாதவை; சட்டப்படி அவற்றுக்கு உங்களைப் பிடிப்பது கடினம்; ஆனாலும் கான்ட்ராக்டரின் உத்தரவாதம் இருந்தால் அதன் பலனை வாங்கியவருக்குக் கிடைக்கச் செய்யுங்கள். அறிந்தும் சொல்லாதவை மூன்றாம் வகை. இந்த வகையில் ஒன்று இருக்குமானால், வக்கீலிடம் போகும் முன்னரே, பணம் கொடுத்தோ வேலை செய்து கொடுத்தோ தீர்த்துவிடுங்கள் என்று உங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்வேன். ஆயுட்காலச் சேமிப்பையும் வங்கிக் கடனையும் சேர்த்துப் போட்டு அந்த வீட்டை வாங்கியிருக்கும் குடும்பத்துக்கு, மாதத் தவணையோடு பழுதுச் செலவும் சேர்வது எவ்வளவு பெரிய பாரம் என்பதை, ஒரு காலத்தில் அதே வீட்டுக்குத் தவணை கட்டிய நீங்கள் நன்கு அறிவீர்கள். மேலும், மோசடி என்று வந்துவிட்டால், 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, காலக் கணக்கு மோசடி தெரியவந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்குகிறது. விற்று மூன்று வருஷம் ஆகிவிட்டதே என்ற நிம்மதிக்கு அங்கே ஆதாரமில்லை.

பார்த்துவிட்டு வந்த இரண்டொரு நாளில் ஒரு கடிதம் எழுதிவிடுங்கள். அதன் மாதிரி:

"அன்புடையீர், நமஸ்காரம். தாங்கள் தெரிவித்தபடி இம்மாதம் ___ தேதி மாலை, பிளம்பர் ஒருவருடன் வந்து, கிழக்கு அறையின் வடக்குச் சுவரில் தரையிலிருந்து சுமார் மூன்றடி உயரம் ஈரம் ஏறியிருப்பதைப் பார்த்தேன். காரணம் குளியலறைத் தரையா, சுவருக்குள் போகும் குழாயா என்பதை அறிய, வருகிற சனிக்கிழமை நீர் தேக்கிப் பரீட்சிக்கத் தங்கள் சம்மதம் வேண்டும். பரீட்சைச் செலவு என்னுடையது. அந்தக் குளியலறையில் நான் செய்வித்த வேலைகளின் பில்களையும், வேலையின்போது எடுத்த படங்களையும் இத்துடன் வைத்திருக்கிறேன். முடிவு தெரிந்த பின் பரிகாரத்தைப் பற்றிக் கலந்து பேசுவோம். இக்கடிதம் இருவர் உரிமைகளுக்கும் பாதகமின்றி எழுதப்படுகிறது."

வாங்கியவர் குஜராத்தியரோ மராட்டியரோ ஆனால் இதையே ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதலாம். பில்களை இணைக்கத் தயங்குகிறவர்கள் உண்டு. பின்னால் கோர்ட்டில் கட்டாயத்தின் பேரில் வெளிவருவதைவிட, இப்போது தாமாகக் கொடுப்பது எத்தனையோ மேல்.

தூணும் சுவரும்

நீர்க்கசிவையும் மர வேலையையும் போலச் சமாதானமாகப் பேசித் தீர்க்கலாகாத புகார் ஒன்று இருக்கிறது. ஹாலை அகலப்படுத்துவதற்காகச் சுவரை எடுத்தீர்களா, பீமில் துளையிட்டீர்களா, தூணைச் செதுக்கினீர்களா என்று வாங்கியவர் கேட்டால், அன்றே ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரை அழையுங்கள். 2017-ஆம் ஆண்டு ஜூலை 25 அன்று காட்கோபரில் நான்கு மாடிக் கட்டடம் ஒன்று பட்டப்பகலில் இடிந்து 17 பேர் மாண்டார்கள். தரைத்தளத்தில் நடந்துகொண்டிருந்த மாற்ற வேலை தூண்களைப் பலவீனப்படுத்தியது என்ற குற்றச்சாட்டு எழுந்து, கிரிமினல் வழக்கும் தொடரப்பட்டது. இத்தகைய குறை உங்களுக்கும் வாங்கியவருக்கும் இடையிலுள்ள தனி விவகாரமாக நிற்பதில்லை. தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் உறங்குகிற எல்லாக் குடும்பங்களுக்கும் அது பொது. ஆகவே சொஸைட்டிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு மாநகராட்சிச் சட்டத்தின் 353பி பிரிவு ஸ்திரத்தன்மைச் சான்றிதழைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்தச் சோதனையின்போது நீங்கள் எடுத்த சுவர் எப்படியும் வெளிப்படும். கழிவறையை இடம் மாற்றிக் கீழ்வீட்டுச் சமையலறைக்கு மேல் வைத்திருந்தாலும் இதே முறையில், மறைக்காமல், பழைய இடத்துக்கே மாற்றித் தருவதே நேர்வழி.

இதுவரை சொன்னவை ஃபிளாட்டுகளைப் பற்றியவை. தாராவியில் வீடு கைமாறுவதன் தன்மை வேறு. அங்கே நிலம் விற்பவருடையதாக இருப்பதில்லை. ரசீதும், மின்சாரப் பில்லும், குடிசைவாசிக்கு அரசு கொடுத்த போட்டோ பாஸ் அட்டையும் கைமாறுகின்றன. மாஹிம் கழிமுகத்தை ஒட்டிய சதுப்பு நிலத்தைத் தூர்த்துக் குடியேறிய பகுதியாதலால், தரையிலிருந்து ஏறும் ஓதம் அங்கே இயல்பு. சந்துகளுக்கு மீண்டும் மீண்டும் கான்கிரீட் போட்டு உயர்த்தியதில், பல அறைகளின் தரை வெளிச்சந்தைவிடத் தாழ்ந்துவிட்டது. பளபளப்பான டைல்ஸ் ஒட்டி விற்ற அறைக்குள் முதல் மழையிலேயே சாக்கடை நீர் புகுந்துவிடுகிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தலைமுறையாகக் குடியிருக்கும் ஒருவர், தம் ஊர்க்காரரிடமே வாங்கிய அறையைப் பற்றி, "அண்ணாச்சி, மழைக்கு முழங்கால் அளவு தண்ணி ஏறும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று கேட்பாரானால், அதற்குச் சட்டப் புத்தகத்தில் பதில் தேட வேண்டியதில்லை. வாசற்படியை உயர்த்தி, தரையை மேலேற்றிக் கொடுப்பதே பதில். அதைவிடக் கொடிய மறைகுறை காகிதத்தில் இருக்கிறது. 2024-இல் தொடங்கிய மறுமேம்பாட்டுக் கணக்கெடுப்பில் தரைத்தள அறைக்கு ஒரு நிலையும் மாடி அறைக்கு வேறு நிலையும் உண்டு. எந்த ஆண்டிலிருந்து அறை இருந்தது என்பதைக் காட்டும் அத்தாட்சி இல்லாவிட்டால் மாற்று வீடே கேள்விக்குறியாகிவிடும். இதை அறிந்திருந்தும், சுவருக்கு வர்ணம் அடித்து, பத்திரம் சரியாக இருக்கிறது என்று சொல்லி விற்றவர், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுப்பதைத் தவிர வேறு பரிகாரம் எனக்குத் தோன்றவில்லை.

எந்த வகை வீடானாலும், பரிகாரம் இன்னதென்று இருவரும் ஒப்பிய பின், அதை ஐந்நூறு ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எந்தக் குறை, எந்த இடம், காரணம் என்று கண்டது என்ன, வேலையை யார் செய்வது, எந்தத் தேதிக்குள், செலவு யாருடையது, மீண்டும் கசிந்தால் என்ன என்ற யாவும் அதில் வர வேண்டும். வேலையைச் செய்து கொடுப்பதைவிட, வாங்கியவர் தாமே தேர்ந்தெடுத்த ஆளைக் கொண்டு செய்வித்து, நீங்கள் பணம் கொடுத்துவிடுவது பெரும்பாலும் நல்லது; உங்கள் ஆள் செய்தால், அடுத்த மழைக்கும் நீங்களே பதில் சொல்ல வேண்டியிருக்கும். கசிவைத் தடுத்த வேலைக்கு ஒரு முழு மழைக்காலம் கழிந்த பின்னரே கடைசித் தவணை என்று வைத்துக்கொள்வது இரு தரப்புக்கும் பொருந்தும். வாங்கியவர் கொடுக்கும் ரசீதில் எந்தக் குறைக்கான முழுத் தீர்வு என்பதைப் பெயர் சொல்லியே குறிக்கச் சொல்லுங்கள். இருவராலும் ஒப்ப முடியாவிட்டால், வழக்குக்கு முன்னதாகவே லோக் அதாலத்தை அணுகலாம். அங்கே சம்மதித்து எழுதிய தீர்வு கோர்ட் டிக்கிரிக்குச் சமம், அதன்மேல் அப்பீல் இல்லை.

வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்ட பின்னும் கதவு அடைபட்டுவிடவில்லை. அதில் குறித்த கெடுவுக்குள், உங்கள் வக்கீலின் மூலம், பார்க்கச் சென்ற தேதி, பரீட்சையின் முடிவு, கொடுக்க முன்வந்த பரிகாரம் ஆகியவற்றைக் காட்டிப் பதில் எழுதச் சொல்லுங்கள். கோபமான அடைமொழிகளை நீக்கிவிடச் சொல்லுங்கள். பில்கள், சுவரை மூடுவதற்கு முன் எடுத்த படங்கள், வாட்டர்புரூஃபிங் உத்தரவாதம், சொஸைட்டியோடு நடந்த கடிதப் போக்குவரத்து, இப்போது எழுதிக்கொண்ட தீர்வுப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டி, அதன் நகல் ஒன்றை வாங்கியவரிடமே கொடுத்துவிடுங்கள். அவர் அந்த வீட்டை இன்னொருவருக்கு விற்கும்போது, சொல்ல வேண்டியதைச் சொல்ல அவருக்கு அது வேண்டியிருக்கும்.